படகு கரைக்கு வரும்வரை விழித்திருக்கும் மகளுக்கு

வாசகி ஒருவரின் கடிதம்:

"அம்மா, எனக்குத் தங்கச்சிமடம் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். ராமநாதபுரத்தில் ஒரு மகளிர் கல்லூரியில் வேதியியல் முதலாம் ஆண்டு சேர்ந்து, விடுதியில் தங்கியிருக்கிறேன். ஆய்வக வகுப்பு முடிந்து பஸ் பிடித்தால் ஊர் சேர இருட்டிவிடும் என்று அப்பாதான் விடுதியில் சேர்த்தார். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். அம்மா மீன் விற்கிறார். தம்பி எட்டாவது படிக்கிறான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஏழு வாரம் ஆகியும் இந்த இடம் ஒட்டவே இல்லை. வெள்ளிக்கிழமை மதியமே ஊருக்குக் கிளம்பிவிடுகிறேன். திங்கள்கிழமை காலை இரண்டு வகுப்பு போன பிறகுதான் வந்து சேர்கிறேன். பஸ் பாம்பன் பாலத்தில் ஏறியதும் அழுகை வந்துவிடுகிறது. திங்கள், புதன் இரவுகளில் தூக்கமே இல்லை. வகுப்பில் எல்லாம் ஆங்கிலம். அறையில் மற்ற மூவரும் பரமக்குடி, முதுகுளத்தூர் பக்கத்துப் பெண்கள். அம்மா கொடுத்துவிட்ட கருவாட்டுத் தொக்கைத் திறந்தபோது ஒருத்தி மூக்கைப் பொத்தினாள், இன்னொருத்தி எழுந்து ஜன்னலைத் திறந்தாள். அதிலிருந்து நான் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. கல்லூரியை விட்டுவிட்டு அஞ்சல் வழியில் படிக்கலாமா? அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது?"

அன்பு மகளே,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை ஒரு வரியில் நின்றுவிட்டேன். திங்கள், புதன் இரவுகளில் தூக்கம் இல்லை என்கிறாய். அப்படியென்றால் செவ்வாயும் வியாழனும் நீ தூங்கியிருக்கிறாய். விடுதி பிடிக்காமல் தூக்கம் போயிருந்தால் எல்லா இரவும் போயிருக்கும்.

ராமேசுவரம் விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாள்கள் திங்கள், புதன், சனி. மற்ற நாள்கள் நாட்டுப்படகுக்காரர்களுக்கு. காலையில் டோக்கன் வாங்கிப் போகிற படகு மறுநாள் காலையில் கரைக்கு வரும். சனி இரவு நீ ஊரில் அம்மா பக்கத்தில் படுத்திருக்கிறாய். அதனால்தான் அந்த இரவு உன் கடிதத்தில் இல்லை. மகளே, விடுதியில் நீ தூங்காமல் கிடக்கிற இரண்டு இரவும் அப்பா கடலில் இருக்கிற இரவுகள்.

இதை நீ உன்னிடமே சொல்லிக்கொண்டாயா என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து 'ஒட்டவில்லை' என்று ஒரே சொல்லில் முடிந்து வைத்திருக்கிறாய். சிக்கு விழுந்த வலையை மொத்தமாகப் பிடித்து இழுத்தால் இன்னும் இறுகும் என்பது உனக்குத் தெரிந்ததுதான். உன் கடிதத்தில் எனக்கு நான்கு இழைகள் தெரிகின்றன. அப்பாவைப் பற்றிய பயம் ஒன்று. ஊர் நினைவு ஒன்று. வகுப்பில் புரியாமல் உட்கார்ந்திருக்கும் கூச்சம் ஒன்று. அந்தத் தொக்குப் பாத்திரத்தால் வந்த அவமானம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

பயத்திலிருந்து தொடங்குகிறேன். ஊரில் இருந்தாலும் படகு போன இரவில் உனக்குச் சரியான தூக்கம் இருந்திருக்காது. ஆனால் அங்கே அம்மாவும் விழித்திருப்பார். பக்கத்து வீட்டிலும் விளக்கு எரியும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று வாசலில் நின்றாலே தெரியும். விடுதி அறையில் நீ ஒருத்தி மட்டும், போர்வைக்குள் கைப்பேசி வெளிச்சத்தில். எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை படகுகளைப் பிடித்துப் போகும் செய்தி வந்தால் உங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் உண்மைக்கு முன்னால் வதந்தி வரும். எந்தப் படகு, எத்தனை பேர் என்பது விடிந்த பிறகுதான் தெளிவாகும். அதுவரை உனக்கு ஒவ்வொரு ஒலியும் அடிவயிற்றைப் பிசையும்.

ஆகவே இந்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவிடம் ஓர் ஏற்பாடு செய்துகொள். அப்பா கரை இறங்கியதும், அது காலை எத்தனை மணியானாலும், அம்மாவோ தம்பியோ உனக்கு ஒரு குரல் பதிவு அனுப்ப வேண்டும். 'அப்பா வந்துவிட்டார்' என்று இரண்டு சொல் போதும். இரவு பத்து மணிக்கு ஊர்க் குழுவின் ஒலியை அணைத்துவிடு. ஏதாவது நடந்தால் அம்மா நேராக உன்னைக் கூப்பிடுவார் என்பதை அவரிடமே வாக்காக வாங்கிக்கொள். விடுதியில் இரவு கைப்பேசியை வாங்கி வைக்கிற வழக்கம் இருந்தால் வார்டனிடம் போய், "என் அப்பா படகுக்குப் போகிறவர், திங்களும் புதனும் மட்டும் எனக்குக் கைப்பேசி வேண்டும்" என்று கேள். இந்த மாவட்டத்தில் வேலை பார்க்கிற எந்த வார்டனுக்கும் அந்த வாக்கியத்தின் பொருள் புரியும். அப்படியும் தூக்கம் வராவிட்டால் படுத்தபடி கூரையைப் பார்க்காதே. எழுந்து உட்கார்ந்து ஆய்வகப் பதிவேட்டில் படம் வரை. பயம் போய்விடும் என்று நான் சொல்ல மாட்டேன். கடலுக்குப் போகிறவரின் மகளுக்கு அது முழுதாகப் போவதில்லை. ஆனால் அதைத் தனியாகச் சுமக்க வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை.

அடுத்தது ஊர் நினைவு. இதில் உனக்கு ஒரு கூடுதல் கனம் சேர்ந்திருக்கிறது. அதை நீ கவனித்தாயா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்து நீ வீட்டில் இருந்த அதே நாள்களில் அப்பாவும் வீட்டில் இருந்தார். வலை பின்னுவதும் படகு பழுது பார்ப்பதுமாக, ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்த இரண்டு மாதம். கையில் காசு குறைவாக இருந்திருக்கும், வீடு நிறைந்திருக்கும். தடைக்காலம் முடிந்து அப்பா கடலுக்குப் போன சில வாரங்களில் நீ விடுதிக்கு வந்துவிட்டாய். ஆண்டிலேயே வீடு நிறைந்திருந்த நேரத்துக்கு அடுத்தபடியாக வெறும் அறையில் வந்து விழுந்திருக்கிறாய். தைப்பொங்கல் முடிந்து வந்திருந்தால் இந்த வலி கொஞ்சம் குறைவாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

தீவிலிருந்து ராமநாதபுரத்துக்குப் படிக்க வந்து தவித்த பிள்ளைகளில் அப்துல் கலாமும் ஒருவர். ஸ்வார்ட்ஸ் பள்ளியில் சேர்ந்த காலத்தில் ராமேசுவரத்துக்கு ஓடுவதற்கு வாய்ப்புத் தேடிக்கொண்டிருந்ததையும், அம்மா செய்யும் போளி தம்மை இழுத்ததையும் அவரே எழுதியிருக்கிறார். அறுபது வயதைக் கடந்து எழுதும்போதும் அவருக்கு அந்தப் பண்டத்தின் பெயர் மறக்கவில்லை. நீயும் அவரைப் போல வருவாய் என்று ஆசை காட்ட இதைச் சொல்லவில்லை. அதே ஐம்பது கிலோமீட்டர் சாலை அவரையும் அழுத்தியிருக்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஐம்பது கிலோமீட்டர்தான் உனக்கு வினையாகவும் இருக்கிறது. சென்னையிலோ கோயம்புத்தூரிலோ சேர்ந்த பிள்ளைக்கு நினைத்த மாத்திரத்தில் ஊருக்கு வர முடியாது. முதல் மாதம் அழுது தீர்த்துவிட்டு அங்கே வேர் பிடித்துவிடுவாள். உனக்கு உச்சிப்புளி, மண்டபம் தாண்டினால் பாலம். அதனால் வாரம் தவறாமல் போகிறாய். வாரம் தவறாமல் புதிதாகப் பிரிந்து வருகிறாய். ஏழு வாரத்தில் ஏழு முறை வீட்டை விட்டு வந்திருக்கிறாய், மகளே. ஒரு புண்ணை ஏழு முறை கீறினால் அது எப்படி ஆறும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விடுதிப் பழக்கம் வகுப்பு நாள்களில் வருவதில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை எல்லோரும் ஓடிக்கொண்டிருப்பார்கள். சனிக்கிழமை துணி துவைக்கும் இடத்தில் வாளிக்காகச் சண்டை போட்டு, ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு மொட்டை மாடியில் முடி உலர்த்தும்போதுதான் பேச்சு பிறக்கும். யாருடைய அக்காவுக்குக் கல்யாணம், யாருக்கு அப்பா இல்லை என்பதெல்லாம் அந்த இரண்டு நாளில் தெரியவரும். நீ அந்த இரண்டு நாளும் அங்கே இருந்ததே இல்லை. ஏழு வாரமாக அந்த விடுதியின் அலுவல் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு அதை ஒட்டாத இடம் என்கிறாய்.

ஊருக்கே போகாதே என்று நான் சொல்லப் போவதில்லை. சனிக்கிழமை கடலுக்குப் போகும் அப்பாவை வெள்ளி இரவு பார்த்துவிட வேண்டும் என்றுதான் மதியமே ஓடுகிறாய் என்பது எனக்குப் புரிகிறது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் போ. போகிற வாரம் வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு முடித்துவிட்டுப் போ. அப்போதும் அப்பாவோடு சாப்பிடலாம். திரும்புவதை ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு வைத்துக்கொள். அப்பா காலையில் கரைக்கு வந்திருப்பார், பார்த்துவிட்டே கிளம்பலாம். வெளிச்சம் இருக்கும்போதே விடுதிக்குள் நுழைந்து, விரிப்பை மாற்றி, இரவுச் சாப்பாட்டுக்கு மற்றவர்களோடு இறங்கிவிடு. திங்கள்கிழமை விடியலில் அவசரமாகக் கிளம்பி, பாலத்தில் அழுதுகொண்டே வந்து நேராக வகுப்பில் நுழைவதைப் போலக் கொடுமை வேறு இல்லை.

வருகைப் பதிவுக் கணக்கையும் போட்டுப் பார். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள்கள். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 18 வாரம். வெள்ளி மதியமும் திங்கள் காலையும் போனால் வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் போகிறது. பருவம் முழுவதும் இப்படியே போனால் உனக்கு மிஞ்சுவது 72 நாள். தேர்வு எழுத 75 சதவீதம், அதாவது 68 நாள் வேண்டும். இடையில் இருப்பது நான்கே நாள். ஒரு காய்ச்சலும் ஒரு கல்யாணமும் வந்தால் அது கரைந்துவிடும். இன்றே நிறுத்தினால் இழப்பு ஏழு நாளோடு நிற்கும், பயப்பட ஒன்றுமில்லை.

இனி அந்தத் தொக்கு. உன் கடிதத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இதைச் சுருக்கமாக எழுதியிருக்கிறாய். அதிகமாக வலித்தது இதுதான் என்று நினைக்கிறேன். கருவாடு தெரியாத ஊர் நம் மாவட்டத்தில் கிடையாது. முதுகுளத்தூர்ச் சந்தையிலும் அது விற்கிறது, பரமக்குடி வீடுகளிலும் அது கொதிக்கிறது. நான்கு பேர் படுக்கும் பூட்டிய அறையில், மின்விசிறிக் காற்றில், கட்டில்மேல் வைத்துத் திறந்தால் வாடை யாருக்கும் தூக்கலாகத்தான் இருக்கும். ஜன்னலைத் திறந்தவள் காற்றுக்காகத் திறந்திருக்கலாம். மூக்கைப் பொத்தியவள் யோசிக்காமல் பொத்தியிருக்கலாம். இல்லை, "மீன்காரி" என்ற எண்ணம் அதில் இருந்திருக்கவும் கூடும். கடற்கரைப் பிள்ளைகளை அப்படிப் பார்ப்பவர்கள் உண்டு. அதை நான் மூடி மறைக்க மாட்டேன். எது என்பதை அங்கே இருந்த நீதான் அறிவாய். ஆனால் ஒருமுறை பார்த்த முகத்தை வைத்து முடிவு கட்டிவிட்டு ஏழு வாரம் தனியே சாப்பிடுவது உனக்கு நீயே கொடுக்கும் தண்டனை.

தொக்கை மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் வைத்துக்கொள். அறையில் திறக்காமல் சாப்பாட்டுக் கூடத்துக்கு எடுத்துப்போ. விடுதிச் சாம்பாருக்கு அதைவிடத் துணை வேறு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். "கொஞ்சம் வேண்டுமா?" என்று கேள். வேண்டாம் என்றால் பரவாயில்லை. பிறகு அவர்கள் வீட்டைப் பற்றிக் கேள். உன் கடிதத்தில் அப்பாவின் தொழில் இருக்கிறது, அம்மாவின் தொழில் இருக்கிறது, தம்பியின் வகுப்பு இருக்கிறது. அந்த மூன்று பெண்களின் வீட்டில் என்ன தொழில் என்று ஒரு சொல் இல்லை. முதுகுளத்தூர் பக்கம் என்றால் மிளகாயோ பருத்தியோ நெல்லோ, எல்லாம் வானம் பார்த்த பூமி. ஐப்பசியில் மழை பொய்த்தால் அந்தப் பெண்ணின் அப்பா கடன்காரர். நீ காற்றைப் பார்த்துத் தவிப்பதைப் போல அவள் மேகத்தைப் பார்த்துத் தவித்து வளர்ந்தவள். உன் புதன்கிழமை இரவைப் புரிந்துகொள்ளக்கூடியவள் உன் கட்டிலுக்கு எதிர்க் கட்டிலில் படுத்திருக்கலாம்.

அதே சமயம், ஊரையோ சாதியையோ தொழிலையோ சொல்லி யாராவது உன்னை இழிவுபடுத்தினால், அறைத்தோழியாக இருந்தாலும் மூத்த மாணவியாக இருந்தாலும், அதைப் பொறுத்துக்கொள்ளாதே. வார்டனிடம் எழுத்தில் கொடு. ஒரு நகலை நீ வைத்துக்கொள். தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997 முதல் இருக்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. சேர்க்கையின்போது நீயும் அப்பாவும் கையெழுத்திட்ட உறுதிமொழிப் படிவம் இதற்காகத்தான். கல்லூரியில் சொல்லத் தயக்கமாக இருந்தால் 1800-180-5522 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் சொல்லலாம்.

ஆங்கிலத்தைப் பற்றி நீ ஒரே வரி எழுதியிருக்கிறாய். இது நான்கில் எளிதாகத் தீரக்கூடியது, ஆனால் தினமும் ஒரு மணி நேரம் கேட்கும். தமிழ் வழியில் படித்த நீ வேதியியல் தெரியாதவள் இல்லை, பெயர் தெரியாதவள். தரம் பார்த்தல் என்று பள்ளி ஆய்வகத்தில் செய்ததைத்தான் இங்கே டைட்ரேஷன் என்கிறார்கள். இனக்கலப்புதான் ஹைப்ரிடைசேஷன். எலக்ட்ரான் கவர்திறன்தான் எலக்ட்ரோநெகட்டிவிட்டி. நம் அரசுப் பாடநூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே பாடம், ஒரே படங்களோடு வருகின்றன. உன் பதினொன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை ஊரிலிருந்து எடுத்து வா. அதன் ஆங்கிலப் பதிப்பை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள். இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் படி. அணு அமைப்பு, தனிம வரிசை, வேதிப்பிணைப்பு என முதல் பருவத்தில் வருவதில் பெரும்பகுதி உனக்குப் பழகிய சரக்குதான். வகுப்பில் புரியாத சொல்லை, காதில் விழுந்தபடியே தமிழ் எழுத்தில் குறித்துக்கொள். மாலையில் தேடிக் கண்டுபிடி. ஐம்பது சொல் சேர்ந்ததும் வகுப்பு திடீரென்று தெளிவாகக் கேட்கும். இந்த வழியில் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். தீபாவளிக்குள் அவர்கள் தலை நிமிர்ந்துவிடுகிறது.

அஞ்சல் வழிக்கு மாறலாமா என்று கேட்டாய். மாறுவது குற்றம் இல்லை. வீட்டில் நோயோ வறுமையோ நெருக்கினால் நானே அதைச் சொல்லியிருப்பேன். உன் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. வேதியியல் ஆய்வகத்தில் கற்க வேண்டிய படிப்பு. அஞ்சல் வழி என்றால் அநேகமாக வேறு பாடத்துக்குத்தான் போக வேண்டிவரும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை நீ அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருந்தால், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் வங்கிக் கணக்கில் வரும். தொலைதூரக் கல்விக்குப் போனால் அது நின்றுவிடும். இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் இந்த வாரமே கல்லூரி அலுவலகத்தில் கேள். அப்பா மீனவர் நல வாரியத்தில் உறுப்பினராக இருந்தால் பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை உண்டு. அந்த அட்டையையும் ஊரிலிருந்து வரும்போது எடுத்து வா.

என் கருத்து இதுதான்: நவம்பரில் முதல் பருவத் தேர்வை எழுதி முடிக்கும்வரை எந்த முடிவும் எடுக்காதே. அதுவரை நான் சொன்னபடி இருந்து பார். தேர்வுக்குப் பிறகும் வேண்டாம் என்று தோன்றினால், அப்போது நாம் இருவரும் சேர்ந்து வேறு வழி பார்ப்போம். ஏழு வாரத்து அழுகையை வைத்து மூன்று ஆண்டுப் படிப்பை அளக்க வேண்டாம்.

அம்மாவிடம் சொல்வதைப் பற்றி. நீ இப்போது அழுகை முட்டும்போதெல்லாம் அவரைக் கூப்பிடுகிறாய் என்று ஊகிக்கிறேன். அழும்போது மட்டும் கூப்பிட்டால், நீ எப்போதும் அழுதுகொண்டே இருப்பதாகத்தான் அவருக்குத் தோன்றும். அந்த நினைப்போடுதான் அவர் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக நடப்பார். அம்மா வியாபாரம் முடித்து வீடு திரும்பும் நேரத்தைக் கேட்டு, தினமும் அந்த நேரத்தில் பேசு. ஆய்வகத்தில் என்ன நிறம் வந்தது, இட்லி எப்படி இருந்தது என்று சாதாரணமாகப் பேசு. கஷ்டத்தையும் சொல், மறைக்காதே. "படிப்பை விடுகிறேன்" என்று தொடங்காமல், "இந்த நான்கு விஷயம் எனக்குக் கடினமாக இருக்கிறது, இப்படிச் செய்து பார்க்கிறேன்" என்று தொடங்கு. எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரியும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு இறங்காமல், எல்லா இரவும் தூக்கம் இல்லாமல், எதிலும் பிடிப்பு இல்லாமல் போனால், அல்லது இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், என் பதிலுக்காகக் காத்திருக்காதே. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிடு. இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள், பணம் கிடையாது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். வார்டனையோ ஓர் ஆசிரியையையோ துணைக்கு அழைத்துப் போ.

இந்த வெள்ளிக்கிழமை ஊருக்குப் போ. குரல் பதிவு ஏற்பாட்டைப் பேசி முடி, பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தையும் வாரிய அட்டையையும் எடுத்துக்கொள், தொக்குக்கு மூடி இறுக்கமான டப்பா ஒன்று கேள். அடுத்த வெள்ளிக்கிழமை விடுதியிலேயே இரு. அந்தச் சனியும் ஞாயிறும் எப்படிப் போயின என்று எனக்கு எழுது. ஜன்னலைத் திறந்த பெண்ணுக்கு எந்த ஊர், அவர்கள் வீட்டில் என்ன பயிர் என்பதையும் சேர்த்து எழுது.